இலங்கையில் பிள்ளையோடு வேன் பயணம்: ஓட்டுநருக்கு ஐந்து நட்சத்திரம், ஏஜென்சிக்கு இரண்டு

மதிப்பெண்ணைத் தலைப்பிலேயே போட்டாச்சு, காரணத்தைத்தான் கீழே எழுதுகிறேன். மே மாத விடுமுறையில் நான், கணவர், மாமனார், ஏழு வயது மகள் எல்லோரும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, ஓட்டுநரோடு ஒரு வேன் வாடகைக்கு எடுத்து, தம்புள்ளை, சிகிரியா, திருகோணமலை, கண்டி, நுவரெலியா, எல்ல, உடவளவை, காலி என்று தீவில் பெரிய வட்டம் ஒன்று அடித்துவிட்டு வந்தோம். வேனை ஏற்பாடு செய்தது அங்கே உள்ள ஒரு சுற்றுலா ஏஜென்சி. பெயர் போடவில்லை. குறை அவர்களுடையது மட்டும் இல்லை, நாங்கள் விலை விசாரித்த மற்ற இடங்களிலிருந்து வந்த அட்டவணைகளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருந்தன.

சுருக்கமாகச் சொன்னால், இலங்கையைப் பிள்ளையோடு சுற்ற ஓட்டுநரோடு வேன் எடுப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஏஜென்சி தரும் அட்டவணையை அப்படியே ஏற்றுக்கொண்டு போனால் பிள்ளை பார்க்கப்போவது சீட்டின் முதுகுப்பக்கத்தைத்தான். வேனையும் ஓட்டுநரையும் வாங்குங்கள், அட்டவணையை வாங்காதீர்கள்.

நாமே கார் எடுத்து ஓட்டலாமே என்று கேட்பீர்கள். என் கணவருக்கும் அந்த ஆசை இருந்தது. இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சாலையும் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ஆனால் நம்மூரில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்து அங்கே ஓட்டிவிட முடியாது, அதற்கு மேல் அங்கே தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் தனியார் பஸ். எதிரே ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு நம் பக்கம் முழுசாக ஏறி வரும், லைட் போட்டுக் காட்டும், அவ்வளவுதான், ஓரம் கட்டுவது நம் பொறுப்பு. பழகியவர் கையில் வண்டி இருக்கும்போது அது வேடிக்கை, நாமே ஓட்டினால் வேடிக்கையாக இருக்காது.

இப்போது ஏஜென்சியின் கதை. அவர்கள் அனுப்பிய முதல் நாள் அட்டவணையில், காலை விமானத்தில் வந்திறங்கியதும் பின்னவல யானைகள் சரணாலயம், அப்புறம் தம்புள்ளைக் குகைக் கோயில், அப்புறம் சாயங்காலம் சிகிரியா ஏறுவது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து விமானம் பிடித்த ஒரு குழந்தை அன்றைக்கே சிகிரியாவின் சுமார் 1200 படிகளை ஏற வேண்டுமாம். இதை எழுதியவர் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கிலோமீட்டர் கணக்கும் சின்னதாகத்தான் தெரியும், அங்கேதான் ஏமாந்துவிடுவோம். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர்தான். ஆனால் கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், நுவரெலியா 1868 மீட்டர், அந்த வித்தியாசம் முழுவதையும் கொண்டை ஊசி வளைவுகளிலேயே ஏற வேண்டும். எங்கும் நிற்காமல் போனாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, பிள்ளையோடு போனால் அரை நாள். விமான நிலையத்திலிருந்து சிகிரியாவுக்கும் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மீரிகமவிலிருந்து குருநாகல் வரை 2022இல் திறந்த விரைவுச்சாலையில் போனாலும் அதற்கப்புறம் சாதாரண ரோடுதான்.

அடுத்து பூஸ்டர் சீட். முன்பதிவு செய்யும்போதே பிள்ளையின் வயது, எடை எல்லாம் சொல்லி, சீட் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கியிருந்தோம். வேன் வந்தது, சீட் வரவில்லை. ஆபீஸுக்குப் போன் செய்தால் “நாளைக்கு அனுப்புகிறோம்” என்று சொல்லிச் சொல்லியே கண்டி வரைக்கும் ஓட்டிவிட்டார்கள். கண்டியில் வந்து சேர்ந்ததோ கைக்குழந்தைக்கான தொட்டில் மாதிரி சீட், அதில் என் மகளின் ஒரு கால் போகும். நல்லவேளை, வேனின் நடு வரிசையில் பெல்ட் ஒழுங்காக வேலை செய்தது, அங்கேயே உட்கார வைத்துச் சமாளித்தோம். உங்களுக்கு இது முக்கியம் என்றால் (முக்கியமாகத்தான் இருக்க வேண்டும்) மடக்கும் வகை பூஸ்டர் ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப்போய்விடுங்கள். அங்கே குழந்தை சீட் என்பது இன்னும் கேட்டால் மட்டுமே கிடைக்கும் பொருள், கேட்டாலும் எங்களுக்குக் கிடைத்த லட்சணம் இது.

இந்த இரண்டுக்கும்தான் மூன்று நட்சத்திரம் வெட்டினேன்.

இனி ஓட்டுநர். அட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும், எங்களை அக்கா, அண்ணன் என்று கூப்பிடுவார், மகளைப் பிள்ளை என்பார், மாமனாரை மட்டும் ஐயா. அவருடைய பாட்டன் துறையூர்ப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் என்று தெரிந்ததும், முசிறிக்காரரான என் மாமனார் முன் சீட்டுக்கு மாறிவிட்டார், அதற்கப்புறம் கடைசி வரை அந்த சீட் யாருக்கும் கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் மகளின் முகத்தைப் பார்த்ததுமே அட்டவணையை மடித்து டேஷ்போர்டில் சொருகிவிட்டு, “அக்கா, இன்னைக்கு பின்னவல வேணாம், யானையை நான் வேற எடத்துல காட்டுறேன். நேரா ரூமுக்குப் போய் பிள்ளை தூங்கட்டும்” என்றார். ஆபீஸுக்கும் அவரே பேசிச் சரிக்கட்டினார்.

அவர் வைத்திருந்த கணக்கு எளிமையானது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடக்கூடாது. ஓட வேண்டிய நாளில் காலை ஆறரைக்குக் கிளம்பி, பிள்ளை அரைத் தூக்கத்தில் இருக்கும்போதே பாதி தூரத்தைக் கடந்துவிட வேண்டும், காலைச் சாப்பாடு வழியில். ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தம், கழிவறை சுத்தமாக இருக்கும் இடமாகப் பார்த்து. எந்தக் கடையில் கழிவறை நன்றாக இருக்கும் என்பது அவருக்கு ஊர் ஊராக மனப்பாடம், பெண் குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சேவை கிடையாது. வந்திறங்கிய முதல் நாளை விட்டால், திருகோணமலையிலிருந்து கண்டி போன நாள் மட்டும்தான் இந்தக் கணக்கு உடைந்தது, அது நீண்ட தூரம், வேறு வழியில்லை. அன்றைக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கி, கோபுரத்து நிழலில் ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்தோம்.

சிகிரியாவுக்கு மறுநாள் விடிந்ததும் போய்விட்டோம். 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் பாறை உச்சியில் கட்டிய அரண்மனை, 1982லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, அந்தக் கதையெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். பிள்ளைக்கு அங்கே பிடித்தது குளவி எச்சரிக்கைப் பலகை. பாறையில் பெரிய பெரிய குளவிக் கூடுகள் இருக்கின்றன, சத்தம் போடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக வாய் மூடாத என் மகள் அன்று முழுவதும் கிசுகிசுப்பாகவே பேசிக்கொண்டு ஏறினாள், முன்னால் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தையும் “ஷ்ஷ்” என்று அடக்கினாள். சிங்கப் பாதங்களுக்கு மேலே பாறையை ஒட்டி இரும்புப் படி, அங்கே மட்டும் காற்று பலமாக வீசும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுக் குழந்தை ஏறிவிடும். நாலு வயதென்றால் நீங்கள்தான் தூக்க வேண்டியிருக்கும். மாமனார் ஏறவில்லை, கீழே நீர்த் தோட்டங்களில் ஓட்டுநரோடு பேசிக்கொண்டு நடந்தார். டிக்கெட் விலை வெளிநாட்டவருக்கு அதிகம்தான், சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் நமக்குக் குறையும், அதனால் பாஸ்போர்ட்டை ரூமில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தம்புள்ளைக் குகைக் கோயிலுக்குப் பத்து மணிக்கு மேல் போகாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாறையில் நடக்க வேண்டும், வெயில் ஏறியதும் அந்தப் பாறை பிள்ளையின் காலுக்குத் தாங்காது. சாக்ஸ் போட்டு விடுங்கள்.

திருகோணமலையை ஏஜென்சி அட்டவணையில் போடவே இல்லை, நாங்கள் கேட்டுச் சேர்த்தது. மே மாதத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும், தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். அதாவது நம் கோடை விடுமுறையில் போகிறவர்கள் பிள்ளையைக் கடலில் விட வேண்டுமென்றால் நிலாவெளி, உப்புவெளிதான், டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால்தான் தெற்கு. எல்லா மாதத்துக்கும் ஒரே அட்டவணையை அனுப்பும் ஏஜென்சிக்கு இது தெரியாமலா இருக்கும்? நிலாவெளியில் தண்ணீர் இடுப்பளவுக்கு ரொம்ப தூரம் போகிறது, மகளை வெளியே எடுக்கவே முடியவில்லை.

கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். சம்பந்தர் பாடிய தலம், போர்த்துக்கீசியர் இடித்து, பிறகு மீண்டும் எழுந்த கோயில், மாமனார் இலங்கைக்கு வரச் சம்மதித்ததே இதற்காகத்தான். மகளுக்கோ கோட்டைக்குள் சாதாரணமாக உலாத்தும் புள்ளிமான்கள்தான் கோயில். ஒரு மான் அவள் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டின் வாழைப்பழத்தைத் தோலோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. சாமிக்குக் கொண்டுபோனதை மான் தின்றுவிட்டதே என்று அவள் அழப் பார்க்க, பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர், “அழாதீங்கோ பிள்ளை, சாமிதான் அனுப்பியிருப்பார்” என்று சமாதானம் செய்தார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் விட்டுவிடாதீர்கள். சின்னச் சின்னதாக ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. வாளியில் மொண்டு மொண்டு எது ரொம்பச் சூடு என்று வரிசைப்படுத்துவதில் அவளுக்கு அரை மணி நேரம் போனது, எங்களுக்குக் கோடையில் வெந்நீர்க் குளியல்.

மாத்தளைச் சாலையில் வாசனைத் தோட்டங்கள் வரிசையாக இருக்கும். இது எல்லா ஏஜென்சி அட்டவணையிலும் “இலவச அனுமதி” என்று இருக்கும், இலவசத்தின் காரணம் கமிஷன். ஓட்டுநர் மறைக்காமல் சொன்னார்: “ஆபீஸ்ல போட்டிருக்காங்க. நீங்க வேணாம்னா நான் நிறுத்த மாட்டேன்.” மகள் மிளகுக்கொடி பார்க்க ஆசைப்பட்டதால் ஒன்றில் நிறுத்தினோம். முதல் கால் மணி நேரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, கோக்கோக் காயை உடைத்து உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பக் கொடுத்தார்கள், சாக்லேட் வாசனையே இல்லாமல் சீத்தாப்பழம் போலப் புளிப்பும் இனிப்புமாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு கொட்டகையில் உட்கார வைத்து, என் கணவரின் கழுத்தில் ஏதோ தைலம் தேய்த்து, மாமனாரின் முழங்காலுக்கு ஒன்று, எனக்கு முடி உதிர்வதற்கு ஒன்று என்று ஆரம்பித்தார்கள் பாருங்கள். விலையைக் கேட்டால் முழங்கால் வலி மறந்துவிடும். மகள் “போலாமா, போலாமா” என்று இழுத்ததால் தப்பித்தோம், இந்த மாதிரி இடங்களுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவதில் இப்படி ஒரு லாபம்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம். பிள்ளைக்குக் கவலையே இல்லை, இடியாப்பம், ஆப்பம், முட்டை ஆப்பம், பருப்புக் கறி, சொதி எல்லா ஊரிலும் உண்டு. கொத்து ரொட்டி மட்டும் காரம் குறைத்துக் கேளுங்கள், குறைத்தாலும் காரமாகத்தான் வரும். செவ்விளநீர் வழியெல்லாம் கிடைக்கும். சைவக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தேங்காய்ச் சம்பலிலும் சில கடைகளில் பருப்பிலும்கூட மாசி போடுவார்கள், அதாவது காய்ந்த சூரை மீன் தூள். பார்வைக்குத் தெரியவே தெரியாது. “மாசி போடாம” என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். எங்கள் ஓட்டுநர் ஒவ்வொரு கடையிலும் நாங்கள் உட்காருவதற்கு முன்பே உள்ளே போய் இதைச் சொல்லிவிடுவார், சிங்களத்தில், இரண்டு தடவை.

கண்டியில் நாங்கள் தங்கிய தெருவில் சாயங்காலம் ஐஸ்கிரீம் வண்டி மாதிரி ஒரு மெட்டு கேட்டது. எட்டிப் பார்த்தால் ஆட்டோ, பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, உள்ளே அடுக்கடுக்காகப் பாணும் பணிஸும், அதாவது பிரெட்டும் பன்னும். இலங்கையில் பேக்கரியே வீட்டு வாசலுக்கு வருகிறது, அந்த பியானோ மெட்டு பீத்தோவனுடையது. மகள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் ஓடினாள், முக்கோணப் பணிஸ் ஒன்றும் சீனி தடவியது ஒன்றும் வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு எந்த ஊரில் அந்த மெட்டு கேட்டாலும் வேனை நிறுத்தச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக் கோயிலைவிட இதுதான் அவளுக்கு ஞாபகம். பேராதனைப் பூங்காவுக்குக் காலையிலேயே போங்கள், 147 ஏக்கர், புல்வெளியில் பரந்து நிற்கும் ராட்சத அத்தி மரத்தடியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் அடுத்த பயணத்தில் பிள்ளை தானாகத் தூங்கிவிடும்.

எங்கள் மகள் தூங்கினாள், றம்பொடை வளைவுகள் வரும் வரைக்கும். அங்கே எழுந்து, முகம் வெளுத்து, “அம்மா, ஒரு மாதிரி இருக்கு” என்றாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். நான் பையைத் தேடுவதற்குள் ஏ.சி.யை அணைத்து, ஜன்னலை இறக்கி, அடுத்த அகலமான ஓரத்தில் வண்டியை நிறுத்தி, டேஷ்போர்டிலிருந்து ஒரு பச்சை எலுமிச்சையை எடுத்து நகத்தால் கீறி அவள் கையில் கொடுத்தார். “மோந்து பாருங்க பிள்ளை. அந்தா தூரத்துல தண்ணி விழுதே, அதை மட்டும் பாருங்க.” எதிர் மலையில் றம்பொடை அருவி. கால் மணி நேரம் அங்கேயே நின்றோம், அவர் அவசரப்படவே இல்லை. அப்புறம் வளைவுகளில் வேகத்தை இன்னும் குறைத்து, பிரேக்கை மிதிக்காமல் கியரிலேயே தணித்துத் தணித்துப் போனார், பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்தே களைத்துப் போயிருக்கும். மறுபடி வாந்தி பேச்சே வரவில்லை.

அந்த ஏற்றத்தில்தான் பூப் பையனைப் பார்த்தோம். ஒரு வளைவில் கையில் பூங்கொத்தோடு நின்று நீட்டினான், நாங்கள் நிறுத்தவில்லை. அடுத்த வளைவுக்கு வண்டி சுற்றிப் போய்ச் சேரும்போது அதே பையன், அதே பூங்கொத்து. தேயிலைச் சரிவில் குறுக்குப் படிகளில் ஏறி வந்துவிடுகிறான். மகள் நம்பவே இல்லை, இரட்டைப் பிள்ளைகள் என்றாள். மூன்றாவது வளைவிலும் மூச்சு வாங்கிக்கொண்டு அவனே சிரித்தபோது என் கணவர் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். முன்பெல்லாம் இப்படி நிறையப் பேர் ஓடுவார்களாம், இப்போது குறைந்துவிட்டது, பள்ளிக்கூடம் போகிறார்கள், அது நல்லதுதானே என்றார் ஓட்டுநர். நல்லதுதான். பூவை வாங்கிவிட்டு இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா என்று அந்தப் பையனிடம் மாமனார் விசாரித்தார், அவன் பதில் சொல்லாமல் காசை எண்ணிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

நுவரெலியாவில் ஸ்வெட்டர் கட்டாயம், மே மாதத்திலும் ராத்திரி குளிர்கிறது. கிரகரி ஏரியில் படகு, சீதா எலியவில் சீதையம்மன் கோயில், ஒரு தேயிலைத் தொழிற்சாலை, அவ்வளவு போதும். தொழிற்சாலை பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. எல்லயில் 1921இல் கட்டிய ஒன்பது வளைவு ரயில் பாலத்தைப் பார்க்க மழைச் சேற்றில் இறங்க வேண்டியிருந்தது, பாதி வழியில் திரும்பிவிட்டோம், வருத்தமில்லை. அதற்குப் பதிலாகச் சின்ன சிவனொளிபாத மலை என்று ஒன்று இருக்கிறது, தேயிலைத் தோட்டம் வழியாக எளிதான ஏற்றம், பிள்ளைகளுக்குச் சரியான அளவு.

ஓட்டுநர் முதல் நாள் சொன்ன “வேற எடம்” உடவளவை. அங்கே வனவிலங்குத் துறை 1995லிருந்து நடத்தும் யானைக் குட்டிகள் இல்லம் ஒன்று இருக்கிறது. தாயை இழந்த, காயம்பட்ட குட்டிகளைக் கொண்டுவந்து வளர்த்து, பெரிதானதும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் மேடையிலிருந்து பார்க்கலாம், தொட முடியாது, குளிப்பாட்ட முடியாது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. நாங்கள் மதியப் பால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தூரத்தில் கதவு திறந்ததும் குட்டிகள் நாலைந்தாக ஓடி வந்தன, நடந்து அல்ல, காதை விரித்துக்கொண்டு பிளிறிக்கொண்டு ஓட்டம். ஊழியர் ஒருவர் குழாய் பொருத்திய புனலைப் பிடித்திருப்பார், குட்டி தானே குழாயை வாயில் வாங்கிக்கொள்ளும், மேலிருந்து பாலை ஊற்றுவார்கள், சில நொடிகளில் காலி. குடித்தது அந்தப் பக்கம் போய்த் தழை தின்ன வேண்டும், அடுத்த கூட்டம் வரும். ஒரு குட்டி மட்டும் தழைப் பக்கம் போவது போலப் போய், அடுத்த கூட்டத்தோடு கலந்து மறுபடி வரிசைக்கு வந்தது. ஊழியர் ஒரு பார்வை பார்த்தார். அது பின்பக்கமாகவே நடந்து போனது. மேடையில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! என் மகள் மட்டும் சிரிக்காமல், “இன்னொரு தடவை கொடுத்தா என்னவாம்” என்று சண்டைக்கு நின்றாள். பின்னவலயிலும் யானை பார்க்கலாம், கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு உடவளவைக்கு.

பூங்காவுக்குள் ஜீப் சவாரி தனிச் செலவு, வேன் வாடகையில் சேராது. பிற்பகல் சவாரி போதும், யானை பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. வெளியே நெடுஞ்சாலையோர மின்வேலியருகிலும் யானைகள் பழத்துக்காகக் காத்து நிற்கின்றன, நிறையப் பேர் வண்டியை நிறுத்திக் கொடுக்கிறார்கள். எங்கள் ஓட்டுநர் நிறுத்தவில்லை. “இப்படிக் குடுத்துக் குடுத்துத்தான் அது ரோட்டுக்கு வந்து அடிபடுது” என்றார், மகள் எவ்வளவோ கெஞ்சியும் அசையவில்லை. அந்தக் கோபத்தைத் தணிக்க அடுத்த ஊரில் சட்டித் தயிரும் கித்துள் பாணியும் வாங்கிக் கொடுத்தார். எருமைத் தயிர், மண் சட்டியில் கத்தியால் வெட்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டி, மேலே ஊற்றிக்கொள்ளும் கித்துள் பாணி பனைவெல்லப் பாகு மாதிரி இருக்கும். சட்டி காலியானபோது கோபமும் போயிருந்தது.

காலிக் கோட்டை மதிலில் சாயங்காலம் நடப்பது மட்டும் போதும், கடலோரமாக உள்ள ஆமைப் பண்ணைகளை நாங்கள் தவிர்த்துவிட்டோம். காலியிலிருந்து விமான நிலையம் வரை விரைவுச்சாலையிலேயே போய்விடலாம், நடுவில் வெலிப்பன்னவில் சாப்பாடு, கழிவறை எல்லாம் உள்ள பெரிய நிறுத்தம் இருக்கிறது. வளைவே இல்லாத அந்த ரோட்டில் மகள், “இது போரடிக்குது” என்றாள்.

செலவு விஷயத்தில் தொகையைச் சொல்லிப் பயனில்லை, எரிபொருள் விலையோடு மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் பேசும்போது சிலவற்றை முன்னாலேயே கேட்டுவிடுங்கள்: நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர் வரை அடங்கும், தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, விரைவுச்சாலைக் கட்டணமும் பார்க்கிங்கும் யாருடையது, ஓட்டுநரின் சாப்பாடும் தங்குமிடமும் வாடகையில் சேர்ந்ததா. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெரிய ஓட்டல்களில் ஓட்டுநர்களுக்கென்று தனி அறை இருக்கும், வீடு மாதிரி சின்ன விடுதிகளில் இருக்காது, அப்படிப்பட்ட இடங்களில் பலர் வண்டியிலேயே தூங்கிவிட்டு மறுநாள் மலையேற்றத்தில் உங்களை ஓட்டிப்போகிறார்கள். எல்லயில் எங்கள் விடுதியில் இடம் இல்லை என்றதும் பக்கத்திலேயே அவருக்கு ஒரு ரூம் போட்டுக் கொடுத்தோம். அந்தக் காசை ஏஜென்சியிடம் கேட்டபோது ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். ஒப்பந்தத்தில் பூஸ்டர் சீட் இருந்ததே என்று கணவர் கேட்டார்.

ஊருக்கு வந்த பிறகு ஏஜென்சியிடமிருந்து மன்னிப்புக் கடிதமும் அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பனும் வந்தன. கூப்பனை யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன். எங்களுக்குத் தேவைப்படாது, ஓட்டுநர் இந்த வருடக் கடைசியில் சொந்தமாக வேன் எடுக்கப்போகிறாராம், யாழ்ப்பாணத்துக்கு எப்போது வருகிறோம் என்று மகளிடம் கேட்டு இப்போதே வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டார்.